ஆடித் தள்ளுபடியில் துணிமணியும் வீட்டுச் சாமானும்: எதை எங்கே, எப்படிப் பார்த்து எடுப்பது?

அம்பை_புதுவீடு:

வணக்கம். ஆவணியில் பால்காய்ப்பு வச்சிருக்கோம். ஆடித் தள்ளுபடியிலயே வேண்டியதை எடுத்துரலாம்னு யோசனை. மொத்தம் 35,000 ரூபாய்க்குள்ள முடிக்கணும். ரெண்டு கட்டிலுக்கு பெட்ஷீட், தலகாணி உறை, துண்டு, அஞ்சு ஜன்னலுக்கும் ரெண்டு வாசலுக்கும் ஸ்கிரீன், அடுக்களைக்குக் கொஞ்சம் எவர்சில்வர் ஏனம், ஒரு குக்கர். அது போக எங்க நாலு பேருக்கும் அன்னாடம் உடுத்தத் துணி. பட்டு எடுக்கலை.

திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில பல மாடி ஜவுளிக்கடையும் இருக்கு, விலையை ஒட்டி வச்சு நாமளே எடுத்துக்கிடுற செயின் கடையும் இருக்கு. எதை எங்க எடுக்கது? 50% னு போர்டு வைக்காங்களே, அது நெசத் தள்ளுபடியா, இல்ல தள்ளுபடிக்குன்னே இறக்குன சரக்கா? எப்படிக் கண்டுபிடிக்கது? சரியில்லைன்னா மாத்தித் தருவாங்களா? தெரிஞ்சவங்க விவரமா சொல்லுங்க.

ரதவீதி_ஜவுளி:

அக்கா, முதல்ல சரக்கு என்னென்ன வகையா வருதுன்னு சொல்லுதேன். அது பிடிபட்டா மத்ததெல்லாம் தானாப் புரியும்.

ஆடியில கடைக்காரங்க தள்ளுபடி போடுததுக்குக் காரணம், தீபாவளிச் சரக்கு இறங்க இடம் வேணும். சித்திரை, வைகாசி முகூர்த்தத்துக்கு எடுத்து வித்தது போக மிச்சம் நிக்கும். ஆடியில கல்யாணமும் கெடையாது. அதனால அந்த மிச்சத்தை விலை குறைச்சுத் தள்ளுவாங்க. இது நெசத் தள்ளுபடி, தரம் பழைய தரம்தான். ரெண்டாவது, ஆடிக்குன்னே ஆர்டர் குடுத்துத் தைச்சு வாங்குறது. மூணாவது, சின்னக் குறை உள்ள செகண்ட்ஸும் எக்ஸ்போர்ட் மிச்சமும்.

இதுகளைப் பிரிச்சுப் பாக்க நல்ல அடையாளம் சைஸ்தான். ஒரு சட்டை அடுக்குல 38 ரெண்டு, 44 ஒண்ணு, நடுவுல 40, 42 இல்லவே இல்லைன்னா அது செட் உடைஞ்ச சரக்கு. முழு விலையில ஓடிப்போய் மிச்சம் நிக்குது. உங்க சைஸ் அதுல கெடைச்சா யோசிக்காம எடுங்க. அதே மேசையில ஒரே டிசைன் அஞ்சு கலர்ல, எல்லா சைஸும் கட்டுக்கட்டா இருந்தா அது தள்ளுபடிக்குன்னே வந்தது. அதுல எம்.ஆர்.பி. 1,299 னு அச்சடிச்சு 649 க்குக் குடுத்தாலும், 1,299 க்கு அது ஒருநாளும் வித்திருக்காது. அதுக்காக வாங்கக்கூடாதுன்னு இல்ல. 649 க்கு அந்தத் துணி தகுமான்னு மட்டும் பாருங்க, பழைய விலையை மறந்துருங்க.

டேக்ல மாசமும் வருசமும் போட்டிருந்தா அதையும் பாருங்க, எப்ப வந்த சரக்குன்னு தெரியும். ஸ்டிக்கர் மேல ஸ்டிக்கர் ஒட்டியிருந்தா அடியில என்ன விலைன்னு வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க. அடியில உள்ளதை விட மேல ஒட்டுன விலை கூட இருந்தா, அந்த உருப்படியை எடுக்காம வச்சுருங்க.

கணக்கு ஒண்ணு ரெண்டு. “50% + 20%” னா 70 கெடையாது. 1,000 ரூபாய் உருப்படி 500 ஆகும், அந்த 500 ல 20% போய் 400. ஆகமொத்தம் 60%. “50% வரை”ன்னு இருந்தா அந்த “வரை”யில ரெண்டு ராக்குதான் இருக்கும், மத்ததெல்லாம் 10, 20 தான். “ரெண்டு எடுத்தா ஒண்ணு இலவசம்”ல விலை கம்மியானதுதான் இலவசமாப் போகும். 999, 999, 499 னு எடுத்தா 2,497 க்கு 1,998 குடுக்கீங்க, தள்ளுபடி 20% தான். மூணும் 999 ஆ எடுத்தா 33%. அதனால ஒரே விலையில உள்ளதை மூணு மூணாச் சேர்த்து, ஒவ்வொரு மூணுக்கும் தனி பில் போடச் சொல்லுங்க. எல்லாத்தையும் ஒரே பில்லுல போட்டா, இருக்கதுலயே கம்மியானதெல்லாம் இலவசத்துல போய் நஷ்டம் உங்களுக்கு.

எங்க எடுக்கதுன்னு கேட்டீங்க. பிள்ளைகளோட டீ ஷர்ட், லெக்கின்ஸ், வீட்டுல போடுற ட்ராக், உள்ளாடை இதெல்லாம் செயின் கடையில தைரியமா எடுக்கலாம். சேலை, நைட்டி, உள்பாவாடை, வேட்டி, கைலின்னா நம்ம ஜவுளிக்கடைதான். அங்க தேர்வும் கூட, விரிச்சுக் காட்ட ஆளும் உண்டு.

பாளை_தையலகம்:

அண்ணாச்சி சரக்கைச் சொல்லிட்டாங்க, நான் துணியையும் தையலையும் சொல்றேன்.

கழுத்துல இருக்க விலை டேக்கை விட, சைடு தையலுக்குள்ள வெள்ளையா ஒரு பட்டி இருக்குமே, அதைத்தான் முதல்ல படிக்கணும். “100% காட்டன்”னு இருந்தாத்தான் காட்டன். “காட்டன் ரிச்”, “காட்டன் ஃபீல்”, “சாஃப்ட் காட்டன்”னு வெளிய பெரிசா எழுதியிருந்தா அந்தப் பட்டியில காட்டனும் பாலியெஸ்டரும் 60:40 கலந்ததாவோ, முழு பாலியெஸ்டராவோ இருக்கும். நம்ம ஊர் வெயிலுக்குப் பாலியெஸ்டர் சட்டை வேர்வையை உறிஞ்சாது, உடம்போட ஒட்டும். வெளிய ரெண்டு மணி நேரம் போய்ட்டு வர்ற உடுப்புக்குக் கலப்பு சரிதான், சுருக்கம் விழாது. ராத்திரி போடுறது, பிள்ளைங்க போடுறதெல்லாம் முழுக் காட்டனா எடுங்க.

காட்டன் முதல் ரெண்டு சலவையில 3 முதல் 5% வரை சுருங்கும். 28 இஞ்ச் நீளச் சட்டை ஏறக்குறைய ஒரு இஞ்ச் ஏறிரும். வளர்ற பிள்ளைக்குச் சரியா இருக்கற அளவை எடுத்தா ரெண்டே மாசத்துல பத்தாது, ஒரு சைஸ் கூட்டி எடுங்க. ரேயான் இன்னும் கூடச் சுருங்கும். நனைஞ்சா அந்த நூலுக்குப் பலமும் குறையும், முறுக்கிப் பிழிஞ்சா தையல் பக்கம் விட்டுரும். தள்ளுபடி ராக்குல தொங்குற குர்த்தில பாதிக்கு மேல ரேயான்தான். ஒரு சைஸ் பெரிசா எடுத்து, பிழியாம நிழல்ல போட்டா நல்லாவே உழைக்கும்.

டீ ஷர்ட் எடுக்கும்போது மேசையில மடிப்பில்லாம விரிச்சு, சைடு தையல் தோள்ல இருந்து நேரா இறங்குதான்னு பாருங்க. கீழ வர வர முன்பக்கமாத் திரும்பியிருந்தா வெட்டும்போதே துணி கோணலா இருந்திருக்கு. துவைச்சா இன்னும் முறுக்கும், அதைச் சரி பண்ணவே முடியாது. துணிக் கனத்தை ஜி.எஸ்.எம். னு சொல்வாங்க, ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம்ங்கற கணக்கு. 180 ஜி.எஸ்.எம். னா நல்ல கெட்டி. 140 னா வெளிச்சத்துல விரல் தெரியும், உள்ளே போட ஆகும்.

தைச்ச உடுப்பைத் திருப்பிப் போட்டு உள்பக்கத்தைப் பாருங்க. தையலுக்கு வெளிய அரை இஞ்சாவது துணி விட்டிருந்தாத்தான் பிரிச்சு லூசாக்க முடியும். ஓவர்லாக் ஓரத்துலயே கால் இஞ்சுல தைச்சிருந்தா ஒண்ணும் செய்ய முடியாது. ஒரு இஞ்ச் நீளத்துல தையலை எண்ணுங்க. சட்டைக்குப் பத்துக்குக் குறையக்கூடாது. ஏழு எட்டுன்னா பிரிஞ்சுவரும். சட்டைக் காலரை ரெண்டு விரலால உருட்டிப் பாருங்க. உள்ள ஒட்டுன கேன்வாஸ் தனியா நழுவுனா நாலு சலவையில காலர் கொப்புளம் கொப்புளமா எழும்பும். காஜாவுல பிசிறு இருந்தா அது சின்ன விஷயம், வீட்டுலயே தைச்சுக்கலாம்.

சாயம் பார்க்க: கைக்குட்டை ஓரத்தை லேசா நனைச்சு, உடுப்போட உள்தையல் பக்கம் பத்து தடவை தேயுங்க. சிவப்பு, கருநீலம், கறுப்பு இந்த மூணுக்கும் கட்டாயம் செய்யணும். கைக்குட்டையில நல்லா ஏறினா விட்டுருங்க.

அப்புறம் சைஸ். ஒரு கடை எம், இன்னொரு கடை எல். வீட்டுல நல்லாப் பொருந்துற சட்டை, சுடிதார் ஒவ்வொண்ணை விரிச்சு அக்குள்ல இருந்து அக்குள், தோள், நீளம் மூணையும் அளந்து ஃபோன்ல குறிச்சுட்டுப் போங்க. இஞ்ச் டேப் கையில இருந்தா ட்ரையல் ரூம் வரிசையில நிக்க வேண்டாம். நைட்டிக்கு “ஃப்ரீ சைஸ்”னு சொல்வாங்க, ஆனா நீளம் 52 லயும் வரும், 56 லயும் வரும். கை வளைவும் பத்தாமப் போகும், அளந்தே எடுங்க.

கொக்கிரகுளம்_பில்:

எக்ஸ்போர்ட் சரக்கு கிடைத்தால் விடாதீர்கள், வெளிநாட்டுக்குத் தைத்தது, தரம் எப்போதும் கூடுதல்.

பாளை_தையலகம்:

எப்போதும்னு சொல்ல முடியாதுங்க. எக்ஸ்போர்ட்ல ரெண்டு உண்டு. ஆர்டருக்கு மேல தைச்சு மிஞ்சினது ஒண்ணு, சோதனையில தள்ளினது இன்னொண்ணு. தள்ளினதுல பிராண்ட் பட்டியைக் கத்தரியால பாதி வெட்டியிருப்பாங்க. ஆனா மிஞ்சினதுலயும் சில நேரம் வெட்டுவாங்க, அதனால பட்டியை மட்டும் வச்சு முடிவு பண்ண முடியாது. ரெண்டு கையும் ஒரே நீளமா, ஜிப் மேல வரை ஓடுதா, துணியில ஊசி ஓட்டையோ நூல் விட்ட கோடோ இருக்கான்னு ஜன்னல் வெளிச்சத்துல பாருங்க. கடைக்குள்ள இருக்க மஞ்சள் விளக்குல கறையும் தெரியாது, கறுப்புக்கும் கருநீலத்துக்கும் வித்தியாசமும் தெரியாது.

வீட்டுச்சாமான்_நெல்லை:

ஸ்கிரீன், பெட்ஷீட், ஏனம் பத்தி யாரும் சொல்லலை. பணம் அதிகமாப் போறது அதுலதான்.

கடைக்குப் போறதுக்கு முன்னாடி மெத்தையை அளங்க, கட்டிலை இல்ல. நீளம், அகலம், உயரம் மூணும் வேணும். 60 இஞ்ச் அகலம், 6 இஞ்ச் உயரம்னா ரெண்டு பக்கமும் 6, 6 இறங்கி, அடியில சொருக 8, 8 வேணும், மொத்தம் 88. அதுக்கு 90 க்கு 100 சரியா இருக்கும். 72 இஞ்ச் அகல மெத்தைக்கு அது பத்தாது, சொருகினது ராத்திரியே உருவிக்கிட்டு வரும். 108 க்கு 108 கேளுங்க. தள்ளுபடிக் கட்டுல “டபுள்”னு மட்டும் எழுதி 86 க்கு 90 வச்சிருப்பாங்க. பொட்டலத்துல அளவைப் படிக்காம எடுக்காதீங்க.

300 நூல் எண்ணிக்கைன்னு (ஒரு சதுர இஞ்சுல எத்தனை நூல்ங்கற கணக்கு) பெரிசா அச்சடிச்சு, கீழ சின்ன எழுத்துல “மைக்ரோஃபைபர்” இருக்கும். அது பாலியெஸ்டர். காட்டன்ல 144, 180, 210 இந்த மூணும் வீட்டுக்குப் போதும். 144 கொஞ்சம் முரடா இருக்கும், ஆனா உழைக்கும். மைக்ரோஃபைபரை நான் வேண்டாம்னு சொல்லலை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில ரெண்டு மணி நேரத்துல காயறது அது ஒண்ணுதான். கட்டிலுக்கு ரெண்டு காட்டன், மழைக்கு ஒண்ணு மைக்ரோஃபைபர்னு வச்சுக்கிடுங்க.

துண்டுக்குக் கடையில தேடவே வேண்டாம். ஈரிழைத் துண்டு எடுங்க. டர்க்கி டவல்தான் வேணும்னா 400 ஜி.எஸ்.எம். பக்கத்துல பாருங்க. 550, 600 எல்லாம் தொட்டா பஞ்சு மாதிரி இருக்கும், மழைநாள்ல காயாம நாத்தம் எடுக்கும்.

ஸ்கிரீன்: ஜன்னலுக்கு 5 அடி, வாசலுக்கு 7 அடி, பெரிய வாசலுக்கு 9 அடின்னு ரெடிமேடா வரும். ஒரு துண்டோட அகலம் ஏறக்குறைய 4 அடி. 4 அடி ஜன்னலுக்கு ஒரு துண்டு போட்டா விரிச்ச பாய் மாதிரி நிக்கும், மடிப்பே விழாது. ரெண்டு வேணும். ஆக அஞ்சு ஜன்னலுக்குப் பத்து, ரெண்டு வாசலுக்கு மூணரை அடின்னா நாலு. கடையில “ஜோடி 799” னு போட்டிருந்தா பரவாயில்ல, “499” னு மட்டும் இருந்தா அது ஒரு துண்டு விலையான்னு கேட்டுக்கிடுங்க. கம்பியை நிலைக்கு மேல எத்தனை இஞ்ச் ஏத்தி அடிச்சிருக்குன்னு அளந்துட்டுப் போங்க, நீளம் அங்க இருந்துதான் கணக்கு. உங்க அம்பைப் பக்கம் ஆனி, ஆடியில காத்து பலமா இருக்கும்லா, மெல்லிசு நெட் ஸ்கிரீன் ஜன்னல் கொண்டியில மாட்டிக் கிழியும். மேக்கு ஜன்னலுக்கு மட்டும் கெட்டித் துணி போதும், மத்ததுக்குச் சாதாரணம்.

எவர்சில்வர்: பல மாடிக் கடையில உருப்படிக்கு விலை, டவுன் பாத்திரக்கடையில பெரும்பாலும் எடைக்கு விலை. 30% தள்ளுபடிப் போணியைக் கையில தூக்கிப் பாருங்க. லேசா இருந்தா தகடு மெலிசு. தகட்டோட கனத்தைச் சொல்ற கேஜ் நம்பர் கூடக்கூட மெலிசுன்னு நினைவு வச்சுக்கிடுங்க, 22 ஐ விட 20 கெட்டி. காந்தம் வச்சுப் பாக்கறது பாதி உண்மைதான். எவர்சில்வர் தரத்துக்கு நம்பர் உண்டு. ஒட்டிக்கிட்டா அது மட்டமான 400 வரிசையா இருக்கலாம். ஒட்டலைன்னா நல்ல தரமான 304 னு அர்த்தம் இல்ல, விலை குறைஞ்ச 202 வும் ஒட்டாது. அச்சுல 304 னு இருக்கறதைத்தான் பாக்கணும். இண்டக்‌ஷன் அடுப்பு இருந்தா அடிப்பாகத்துல காந்தம் ஒட்டியே ஆகணும். கைப்பிடி ரிவெட் அடிச்சதா, வெறும் ஸ்பாட் வெல்டான்னு பாருங்க. வெல்டு மட்டும்னா குழம்புச் சட்டியைத் தூக்கும்போது விட்டுரும். குக்கர்ல ஐ.எஸ்.ஐ. முத்திரையும் அது கீழ குக்கருக்கான தர நம்பர் ஐ.எஸ். 2347 னும் இல்லைன்னா, எவ்வளவு மலிவா இருந்தாலும் வேண்டாம். வாரண்டி அட்டையில கடை சீல் அன்னைக்கே வாங்கிருங்க.

ஒண்ணு முக்கியம். பால்காய்ப்பு ஏனம்னு கவுண்டர்லயே பேர் வெட்டக் குடுத்துராதீங்க. பேர் வெட்டினா மாத்த மாட்டாங்க. வீட்டுக்குக் கொண்டுபோய் தண்ணி ஊத்தி ஒழுகுதா, அடி தட்டையா உக்காருதான்னு பாத்துட்டு, அப்புறமா உங்க ஊர்லயே வெட்டிக்கலாம்.

கணக்குப்பிள்ளை_627:

பில் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

2025 செப்டம்பர் 22 முதல், ஓர் உருப்படி 2,500 ரூபாய் வரை உள்ள தைத்த உடுப்புக்கு ஜி.எஸ்.டி. 5%. அதற்கு மேல் 18%. தள்ளுபடி போக நீங்கள் கொடுக்கும் விலைதான் கணக்கு. 3,000 ரூபாய்க் குர்தா 2,400க்கு வந்தால் 5%தான் பில்லில் இருக்க வேண்டும். முன்பு 1,000க்கு மேல் 12% இருந்தது. அந்தக் காலத்து டேக் இன்னும் தொங்கினால், 1,999 என்று அச்சிட்டதில் 12% அடங்கியிருக்கிறது. 5% கணக்கில் அது 1,874தான். தள்ளுபடி சதவீதத்தை எந்த விலையிலிருந்து கழிக்கிறார்கள் என்று அங்கே கேளுங்கள்.

எம்.ஆர்.பி. என்றாலே எல்லா வரியும் சேர்ந்தது. “எம்.ஆர்.பி.யில் 40% தள்ளுபடி” என்று விளம்பரம் செய்துவிட்டு, குறைத்த விலைக்கு மேல் மறுபடி வரி ஏற்றுவது தவறு. தேசிய நுகர்வோர் ஆணையம் 2017லேயே இதை முறையற்ற வணிகம் என்று சொல்லியிருக்கிறது.

“விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது” என்ற சீல் குறையுள்ள பொருளுக்குச் செல்லாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 பிரிவு 2(47)ன்படி, குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிகம். பில்லில் காலமே போடாவிட்டால் 30 நாள். ஆனால் கலர் பிடிக்கவில்லை, அளவு சரியில்லை என்பது குறையில் சேராது. அது கடையின் விருப்பம், அதனால் காசு கட்டுவதற்கு முன்னால் மூன்று விஷயம் கேளுங்கள்: தள்ளுபடிச் சரக்குக்கு மாற்று உண்டா, எத்தனை நாள், பணமா, அதே கடையில் பிறகு கழித்துக்கொள்ளும் கிரெடிட் நோட்டா. “ஒன்று இலவசம்” பில்லில் ஒரு உருப்படியை மட்டும் திருப்பினால், பெரும்பாலான கடையில் தள்ளுபடியைப் பங்கு போட்டுக் குறைந்த தொகைதான் வரும்.

பில்லை அன்றே ஃபோட்டோ எடுங்கள், அந்த வெப்பத்தாள் எழுத்து சில மாதத்தில் மங்கிவிடும். கடையில் தீராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைக்கலாம். அதுவும் ஆகாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், 5 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லாமலே மனு கொடுக்கலாம்.

கட்டைப்பை இரண்டு வீட்டிலிருந்தே கொண்டு போங்கள். செயின் கடைகளில் பைக்குத் தனியாக வாங்குவார்கள்.

அம்பை_புதுவீடு:

ரொம்ப நன்றி அண்ணாச்சி, அக்கா, எல்லாருக்கும். இன்னும் ரெண்டு சந்தேகம். எந்த நாள், எந்த நேரம் போனா நிம்மதியாப் பாக்கலாம்? விருந்தாளிகளுக்குப் பாய் வேணும், அதையும் தள்ளுபடியிலயே எடுத்துரலாமா?

ரதவீதி_ஜவுளி:

செவ்வாய், புதன், வியாழன், காலையில கடை திறந்த உடனே போங்க. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆடியில நிக்க இடம் கெடைக்காது, விரிச்சுக் காட்ட ஆளும் அகப்படாது. ஆடி முதல் வாரத்துல சைஸ் முழுசா இருக்கும், கடைசி வாரத்துல விலை இன்னும் இறங்கும். பிள்ளைகளுக்கு, அளவு முக்கியமான துணிக்கு முதல் வாரம். பெட்ஷீட், ஸ்கிரீன் மாதிரி அளவு மாறாததுக்குக் கடைசி வாரம். ஸ்கிரீன் மட்டும் பதினாலு துண்டும் ஒரே டிசைன்ல வேணும்னா தள்ளிப்போடாதீங்க. கடைசியில எட்டு, ஒன்பதுதான் மிஞ்சும்.

சேலைக்கும் பெட்ஷீட்டுக்கும் தீபாவளி வரை பொறுக்க முடிஞ்சா கோ-ஆப்டெக்ஸ்ல 30% தள்ளுபடி உண்டு. கைத்தறி, அளவும் சொன்னபடி இருக்கும்.

வீட்டுச்சாமான்_நெல்லை:

பாய்க்கு நெல்லை வரை வரவே வேண்டாம்க்கா, உங்க ரோட்டுலயே பத்தமடை இருக்கு. பட்டுப்பாய் வேண்டாம், அது விலை கூட. சாதாரணக் கோரைப்பாய் எடுங்க. தள்ளுபடிக் கடையில விக்கிறது பெரும்பாலும் பிளாஸ்டிக் பாய், வேர்வையில முதுகுல ஒட்டும். கோரையை வாங்கும்போது ஓரத்துல துணி மடிச்சுத் தைச்சிருக்கான்னு பாருங்க, இல்லன்னா ஓரக் கோரை சீக்கிரம் உதிரும். ஒரு தடவை முழுசா விரிச்சு, கோரை நெருக்கமா இருக்கா, பாவு நூல் எங்கயாவது விட்டிருக்கான்னு விரலை ஓட்டிப் பாருங்க. வீட்டுக்குக் கொண்டுபோனதும் நிழல்ல ஒரு நாள் விரிச்சுப் போட்டு அப்புறம் சுருட்டி நிறுத்தி வைங்க. மடிச்சு அடுக்கினா மடிப்புல கோரை ஒடியும்.